சபையே சேர்ந்து பாட வேண்டுமா? ஜெப ஆலயத்தில் நான் படித்த இசை வகுப்பு

நியூ ஜெர்சியில் எங்கள் பகுதிக்குப் பக்கத்தில் ரிஃபார்ம் பிரிவைச் (பழைய வழக்கங்களைக் காலத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளும் பிரிவு) சேர்ந்த ஒரு யூத ஜெப ஆலயம் இருக்கிறது. இலையுதிர் பருவத்தின் ஞாயிறு மாலைகளில், கூடியிருக்கும் மக்களைப் பாட வைப்பது எப்படி என்று அங்கே ஒரு வகுப்பு நடத்தினார்கள். ஆலயத்தின் காண்டரும் (வழிபாட்டைப் பாடி நடத்துகிறவர்), ஊர் ஊராகப் போய்ப் பாட்டு வகுப்பு எடுக்கும் ஒரு கிட்டார் கலைஞரும் ஆசிரியர்கள். யூதர் அல்லாதவர்களும் வரலாம், பக்கத்துத் தேவாலயங்களில் பாட்டு நடத்துகிறவர்கள் கட்டாயம் வர வேண்டும் என்று அறிவிப்பிலேயே போட்டிருந்தார்கள். கட்டணம் 180 டாலர். காணிக்கையையும் கட்டணத்தையும் 18இன் மடங்காக வைப்பது அவர்கள் வழக்கம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சபையிலோ பஜனைக் குழுவிலோ முன்னால் நின்று பாட்டை எடுத்துக் கொடுக்கிற யாராக இருந்தாலும், கொடுத்த காசுக்கு மேலேயே இந்த வகுப்பில் கிடைக்கும். குறைகளும் உண்டு. அவற்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

ஆலயத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அது சின்னச் சபை. 2018 அக்டோபர் 27 அன்று பிட்ஸ்பர்க்கின் ட்ரீ ஆஃப் லைஃப் ஜெப ஆலயத்தில் ஓய்வுநாள் காலை ஆராதனைக்கு வந்த 11 பேரை ஒருவன் சுட்டுக் கொன்றான். 2022 ஜனவரியில் டெக்ஸஸின் காலிவில்லில் ஒரு ஜெப ஆலயத்தில் ரபியையும் (யூத மதகுரு) சபையார் மூவரையும் ஒருவன் துப்பாக்கி முனையில் பிடித்து வைத்திருந்தான். அதற்கெல்லாம் பிறகு, பாட்டு வகுப்புக்குப் போனால்கூட வாசலில் காவலர் பையைத் திறந்து பார்க்கிறார். அப்படி ஒரு காலத்தில் பிற மதத்தாருக்குக் கதவைத் திறந்து வைத்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அவர்களைத் தேடிக் கண்டுபிடிக்கிற அளவு விவரம் நான் கொடுக்க விரும்பவில்லை. தேவைப்படுகிறவர்கள் தங்கள் பகுதியில் விசாரித்தால் இப்படிப்பட்ட வகுப்பு நிச்சயம் கிடைக்கும். பெயர் தெரிந்த பெரிய இடங்களையும் கடைசியில் சொல்கிறேன்.

நான் ஏன் போனேன் என்று ஒரு வரி. எங்கள் தமிழ்ச் சபையில் கொயரை நடத்துகிறேன். கொயர் நன்றாகவே பாடும். ஆனால் கொயர் பாடப் பாட சபையார் பாட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பார்கள். மைக் நல்லதாக வாங்க வாங்க அவர்கள் சத்தம் இன்னும் குறைந்தது. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் வாயே திறப்பதில்லை. இது எங்கள் சபைக்கு மட்டும் உள்ள நோய் அல்ல என்பது அந்த முதல் ஞாயிறு மாலையிலேயே தெரிந்துவிட்டது. வந்திருந்த யூதர்களும் இதே குறையைத்தான் சொன்னார்கள்.

காண்டர் என்றால் யார் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். யூத வழிபாட்டில் ஜெபங்களை ராகத்தோடு முன்நின்று பாடி நடத்துகிற குரு அவர். எபிரேயத்தில் ஹஸான் என்பார்கள். ரபிக்கு இணையான பொறுப்பு. கல்யாணம், அடக்கம், நோயாளிகளைச் சந்திப்பது எல்லாம் அவருக்கும் உண்டு. பல நூற்றாண்டுகள் ஆண்கள் மட்டுமே இந்த இடத்தில் இருந்தார்கள். அமெரிக்காவில் ரிஃபார்ம் பிரிவு 1975இல் பார்பரா ஆஸ்ட்ஃபெல்டைக் காண்டராக ஏற்படுத்தியது. அவர்தான் முதல் பெண். பழைய வழக்கத்தை ஓரளவு காக்கும் கன்சர்வேடிவ் பிரிவில் அதற்கு 1987 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பழைய வழக்கத்தைக் கண்டிப்பாகக் காக்கும் ஆர்த்தடாக்ஸ் பிரிவில் இன்றும் கிடையாது. எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஓபரா அளவுக்குப் பயிற்சி பெற்ற சொப்ரானோ (உச்சத்தில் பாடும் பெண்குரல்) குரல் உள்ள பெண்மணி. அந்தக் குரலை அவர் முழுதாகத் திறந்து வகுப்பில் நான் கேட்கவே இல்லை. காரணம் பின்னால் வருகிறது.

முதல் வகுப்பில் அறிமுகம், காகிதம் எதுவும் இல்லை. எல்லாரும் உட்காருவதற்கு முன்பே காண்டர் ஒரு மெட்டைத் தாழ்ந்த குரலில் பாட ஆரம்பித்தார். சொற்களே இல்லை. 'யாய் டாய் டாய்' என்கிற மாதிரி வெறும் அசைகள். இதை நிகூன் என்கிறார்கள். ஹசிதிம் என்ற பக்தி இயக்கத்தார் கிழக்கு ஐரோப்பாவில் வளர்த்த வடிவம். ஒரு வரி பாடி 'இப்போது நீங்கள் பாடுங்கள்' என்று நிறுத்தவில்லை. முழு மெட்டையும் முதலிலிருந்து கடைசிவரை பாடினார், மறுபடியும் பாடினார், நிறுத்தாமல் பாடிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் இரண்டு மூன்று பேர் கீழே முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். மெட்டின் முதல் பாதி கூட்டத்துக்குப் பிடிபட்டது. இரண்டாம் பாதியில் ஒரு எழும்பல் இருக்கும், அங்கே தடுமாறினார்கள். அவர் திருத்தவில்லை. அந்த இடம் வரும்போது மட்டும் கையை லேசாக மேலே தூக்கினார். அடுத்த சுற்றில் கூட்டம் தானாக ஏறியது. எல்லாருக்கும் பாட்டு வந்துவிட்டது என்று தெரிந்ததும் அவர் தன் குரலைக் குறைத்துக்கொண்டே வந்து ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டார். நாங்கள் பாடிக்கொண்டிருந்தோம். அவர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் யாரோ கை தட்டப் போனார். காண்டர் உள்ளங்கையைக் காட்டித் தடுத்தார். அந்த அமைதியையும் பாட்டின் பகுதியாக வைத்துக்கொள்ளச் சொன்னார். அதற்குப் பிறகுதான் தன் பெயரைச் சொன்னார்.

எனக்கு இந்த வகுப்பில் கிடைத்த எல்லாமே இந்தச் சிறிது நேரத்துக்குள் அடக்கம் என்று சொல்வேன். மற்றவை எல்லாம் இதன் விளக்கம்.

நிற்கிற இடத்தைப் பற்றி அவர் சொன்னதை விரிவாகச் சொல்ல வேண்டும். அந்த ஆலயத்தில் பெஞ்சுகள் தரையில் திருகி வைத்தவை. இருநூறு பேர் உட்காரும் இடத்தில் இருபத்தைந்து பேர் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தோம். காண்டர் எங்களை எல்லாம் எழுப்பி, தோரா என்ற வேதச் சுருளை வாசிக்கும் மேசையைச் சுற்றி, தோளோடு தோள் இடிக்கிற அளவுக்கு நிற்க வைத்தார். பக்கத்தில் நிற்பவரின் குரல் காதில் விழாவிட்டால் யாரும் துணிந்து பாட மாட்டார்கள் என்பது அவர் கட்சி. ஜோயி வைசன்பெர்க் என்ற இசைக்கலைஞர் இந்த முறையை அமெரிக்க யூத சபைகளில் பரப்பியவர்களில் முக்கியமானவர். புரூக்ளினில் ஒரு ஜெப ஆலயத்தின் இசையைக் கவனித்தவர். பிறகு ஹடார் என்ற கல்வி நிறுவனத்தின் கீழ் ரைஸிங் சாங் என்ற அமைப்பைத் தொடங்கினார். மேடையில் நின்று எதிரே இருக்கிறவர்களுக்குப் பாடுவதை விட்டுவிட்டு, நடுவில் நின்று சுற்றி இருக்கிறவர்களோடு பாடு என்பதுதான் அவர் போதனையின் சாரம். எங்கள் காண்டரும் அந்த வழியில் பயிற்சி எடுத்தவர்.

என் கணவர் கொயரில் பேஸ், அதாவது ஆண்களின் கீழ்க்குரல், பாடுவார். அவரும் கூட வந்திருந்தார். வீட்டுக்குத் திரும்பும்போது, சபையில் இத்தனை காலம் பாடியும் பக்கத்து ஆளின் குரல் எப்படி இருக்கும் என்று தனக்குத் தெரியாது என்றார். கொயரில் நிற்கிறவர்களுக்கே அப்படி என்றால் பின் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு எப்படி இருக்கும்?

அடுத்தது சுருதி. இந்தப் பாடத்துக்காகவே இன்னொரு முறை கட்டணம் கட்டலாம். காண்டர் தன் குரலுக்கு எது எடுப்பாக இருக்கும் என்று பார்த்துச் சுருதி வைப்பதே இல்லை. பயிற்சி இல்லாத ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடுகிற இடத்தில், மெட்டின் உச்ச ஸ்வரம் மேற்கத்திய முறையில் மேல் D-யைத் தாண்டக் கூடாது, நம் கணக்கில் சொன்னால் மேல் ஸ்தாயி இரண்டு கட்டை. அடி ஸ்வரம் கீழ் ஐந்தரை, ஆறு கட்டைக்குக் கீழே போகக் கூடாது. இந்த எல்லைக்குள் மெட்டு நிற்கிற மாதிரி சுருதியை நகர்த்து என்கிறார். பாடத் தெரிந்தவர்களுக்கு இது கஷ்டம். தங்கள் குரலின் அழகான பகுதி வெளியே தெரியாது. அவருடைய சொப்ரானோ கடைசிவரை எங்களுக்குக் கேட்கக் கிடைக்காததன் காரணம் இதுதான். அந்தத் தியாகத்தை அவர் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவும் இல்லை. நான் கேட்டபோது மட்டும், தனியாகப் பாட வேண்டிய இடங்கள் யோம் கிப்பூர் என்ற உபவாசத் திருநாளின் இரவில் நிறைய இருக்கின்றன, அங்கே பாடிக்கொள்வேன் என்றார்.

வகுப்பில் எண்பதைத் தாண்டிய ஒரு பெரியவர் இருந்தார். ஓங்கிய குரல், ஆனால் சுருதிக்கு ஒரு ஸ்வரம் கீழேதான் நிற்கும். எல்லாரும் ஒரு பக்கம் போக அவர் ஒரு பக்கம் போவார். இரண்டாவது வரிசையில் நின்ற ஒரு இளம்பெண் முகம் சுளித்ததைக் காண்டர் பார்த்துவிட்டார். பாட்டை நிறுத்தாமல், மெதுவாக நடந்து போய் அந்தப் பெரியவருக்குப் பக்கத்தில் நின்றார். அவர் பாடுகிற சுருதியைத் தானும் பிடித்துக்கொண்டார். அங்கிருந்து எங்களைப் பார்த்துக் கையைக் கீழே இறக்கிக் காட்டினார். அடுத்த சுற்று ஆரம்பிக்கும் இடத்தில் கூட்டம் முழுவதும் அந்தப் பெரியவருடைய சுருதிக்கு இறங்கிவிட்டது. இப்போது அவர் குரல் எல்லாருக்கும் ஆதாரமாக நின்றது. அவருக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. சந்தோஷமாகப் பாடிக்கொண்டிருந்தார். எத்தனையோ இசை ஆசிரியர்களிடம் படித்திருக்கிறேன். சுருதி சேராத ஒருவரை இவ்வளவு மரியாதையாகக் கையாண்டவரை நான் பார்த்ததில்லை.

கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்களுக்கு இந்த வகுப்பில் தனியாக ஒரு விருந்து இருக்கிறது. யூத வழிபாட்டில் எந்த நாள், எந்த வேளை, எந்த ஜெபம் என்பதைப் பொறுத்து ராகம் மாறும். இந்த ஒழுங்கை நுஸாக் என்கிறார்கள். ஒரு யூதரைக் கண்ணைக் கட்டி ஆலயத்துக்குள் விட்டால், காதில் விழும் ராகத்தை வைத்தே இது வெள்ளி மாலையா, பெருநாள் காலையா என்று சொல்லிவிடுவாராம். அஹவா ரபா என்றொரு முறையைக் காண்டர் பாடிக் காட்டினார். சுத்த ரிஷபம், அந்தர காந்தாரம், சுத்த தைவதம், கைசிகி நிஷாதம். ஸ்வரங்கள் அப்படியே வகுளாபரணம். மாகேன் அவோத் என்பது நடபைரவிக்கு வெகு அருகில். வெள்ளி மாலைச் சங்கீதங்களுக்கு உரிய அதோனாய் மாலாக் ஹரிகாம்போஜி சாயலில் தொடங்கி, மேல் ஸ்தாயியில் தன் வழியில் போகிறது. ஸ்வரம் ஒத்துப்போவதால் ராகம் ஒன்று என்று ஆகிவிடாது. அவர்களுடைய பிடிகளும் நிறுத்தங்களும் வேறு. ஆனால் ராகம் தெரிந்த காதுக்கு உள்ளே நுழைய ஒரு வாசல் திறந்துவிடும். வகுப்பில் இதற்கு ஒதுக்கிய நேரம் போதவில்லை. இதை மட்டுமே ஒரு பருவம் முழுக்கக் கேட்க நான் தயார்.

வகுப்பின் பகுதியாக எங்களை ஒரு வெள்ளி மாலை ஆராதனைக்கும் வரச் சொன்னார்கள். வெள்ளி மாலையில் தொடங்கும் ஓய்வுநாளை வரவேற்கும் பகுதியில் சங்கீதம் 95 முதல் 99 வரை, பிறகு 29, ஆக ஆறு சங்கீதங்கள், வாரத்தின் ஆறு வேலை நாட்களுக்கு. நம் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு இவை மனப்பாடம். 'கர்த்தருக்குப் புதுப்பாட்டைப் பாடுங்கள்' என்ற 96ஆம் சங்கீதத்தை, அது எழுதப்பட்ட மொழியில், அதைப் பிறந்தது முதல் பாடி வருகிற மக்களின் நடுவில் நின்று கேட்டேன். ஞாயிறு பள்ளியில் ஒப்பித்துப் பரிசு வாங்கிய சங்கீதம் அது. எனக்கு அன்றைக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

சங்கீதங்கள் முடிந்ததும் லெகா தோதி. 16ஆம் நூற்றாண்டில் கலிலேயாவின் சஃபேத் நகரில் ஷ்லோமோ அல்காபெட்ஸ் எழுதியது. முதல் எட்டுக் கண்ணிகளின் தலையெழுத்துகளில் தன் பெயரைப் பொதிந்து வைத்திருக்கிறார். ஓய்வுநாளை மணமகளாக வைத்து வரவேற்கிற பாட்டு. பல்லவியும் கண்ணிகளுமாக இருப்பதால் எந்த மெட்டிலும் உட்கார்ந்துகொள்ளும். உலகம் முழுவதும் எத்தனையோ மெட்டுகள் இருக்கின்றன. ஆறாவது கண்ணி வரும்போது மெட்டை மாற்றி வேகமாக எடுப்பது பல சபைகளில் வழக்கம். அன்றைக்கும் அப்படித்தான் செய்தார்கள். அடக்கமாகப் போய்க்கொண்டிருந்த பாட்டு அந்த இடத்தில் திரும்பியதும் பிள்ளைகள் பெஞ்சை விட்டு நடைபாதைக்கு ஓடினார்கள், தாத்தாக்கள் பெஞ்சில் தாளம் போட்டார்கள். கடைசிக் கண்ணிக்கு எல்லாரும் எழுந்து வாசலைப் பார்த்துத் திரும்பி நின்று, உள்ளே வருகிற ஓய்வுநாளுக்குத் தலை வணங்கினார்கள். முன்னால் நடத்துகிறவருக்கும் முதுகு வாசல் பக்கம் இல்லை, அவரும் வாசலைத்தான் பார்க்கிறார். வகுப்பில் கற்றுக்கொண்ட ஒவ்வொன்றும் ஏன் என்று அந்த ஒரு பாட்டில் புரிந்தது.

பிறகு நோயாளிகளுக்கான ஜெபம், மி ஷெபேராக். காண்டர் கிட்டாரில் ஒரே ஒரு ஸ்வரக்கூட்டை (chord) மெல்ல மீட்டிக்கொண்டே சபையாரைப் பார்த்தார். அவரவர் இருந்த இடத்திலிருந்து தங்கள் நோயாளிகளின் பெயரைச் சத்தமாகச் சொன்னார்கள். இங்கிருந்து ஒரு பெயர், அங்கிருந்து ஒரு பெயர். யாரும் அவசரப்படுத்தவில்லை. பெயர்கள் நின்ற பிறகே பாட்டு எழும்பியது. எபிரேயமும் ஆங்கிலமும் கலந்த இந்தப் பாட்டை 1980களின் பிற்பகுதியில் டெபி ஃப்ரீட்மன், ட்ரோரா செட்டெலோடு சேர்ந்து உருவாக்கினார். இன்று அமெரிக்காவின் பெரும்பாலான ரிஃபார்ம் சபைகளில் இதுதான் நோயாளிகளுக்கான ஜெபம். ஃப்ரீட்மன் (1951–2011) இசைக் கல்லூரியில் படித்துக் காண்டர் ஆனவர் அல்ல. கோடைக்கால யூத முகாம்களில் கிட்டாரோடு பாட்டு நடத்தி வளர்ந்தவர். அந்த முகாம் பாட்டு ஆலயத்துக்குள் வந்தபோது எதிர்ப்பு பலமாக இருந்தது. ஆர்கனும் கொயரும் ஒலித்த இடத்தில் கிட்டாரா என்று கேட்டார்கள். கடைசியில் காண்டர்களைப் பயிற்றுவிக்கும் ஹீப்ரூ யூனியன் கல்லூரி அவரையே ஆசிரியராக அழைத்தது. அவர் மறைந்த வருடமே தன் புனித இசைப் பள்ளிக்கு அவர் பெயரை வைத்தது. கீர்த்தனையா, கிட்டார் பாட்டா என்று நம் சபைகளில் நடக்கிற சண்டையை நினைத்துக்கொண்டேன்.

இனி கிட்டார் கலைஞரைப் பற்றி. இவருடைய வகுப்புகளில் எனக்கு இரண்டு விதமான கருத்து. ஒரு விஷயத்தில் இவர் ஒப்பற்றவர். பாட்டு நன்றாகச் சூடு பிடித்த நேரத்தில், பல்லவி திரும்ப வருகிற இடத்தில், உள்ளங்கையைத் தந்திகளின் மேல் வைத்துச் சத்தத்தை அடக்கிவிடுவார். மைக்கிலிருந்தும் ஓர் அடி பின்னால் போவார். திடீரென்று கூட்டத்துக்குத் தன் குரல் மட்டும் காதில் விழும். இவ்வளவு சத்தம் நம்மிடமிருந்தா வருகிறது என்று முகத்துக்கு முகம் பார்த்துக்கொள்வார்கள். அடுத்த கண்ணிக்கு இன்னும் ஓங்கிப் பாடுவார்கள். அந்தக் கணம் எப்போது வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் வித்தை. சீக்கிரம் விட்டால் பாட்டு படுத்துவிடும். இதை எங்களை ஒவ்வொருவராக நிறுத்திச் செய்ய வைத்தார்.

ஆனால் இவர் வகுப்புகளில் பாதி நேரம் இவருடைய சொந்தப் பாடல்களுக்கே போனது. நல்ல பாடல்கள்தான். ஒரு மாலை முக்கால் மணி நேரம் நாங்கள் வாய் திறக்காமல் உட்கார்ந்து கேட்டோம். கூட்டத்தைப் பாட வைக்கும் வகுப்பில் அது நடக்கக் கூடாது. வகுப்பு முடிந்து கருத்துப் படிவம் கொடுத்தபோது இதை எழுதியே கொடுத்தேன்.

ஒரு மாணவர் ஷ்லோமோ கார்ல்பாக்கைப் பற்றிக் கேட்டார். அந்தப் பெயர் யூதப் பாட்டு உலகில் தவிர்க்க முடியாதது. கார்ல்பாக் (1925–1994) ரபி, பாடகர். அவர் போட்ட மெட்டுகள் ஆர்த்தடாக்ஸ் முதல் ரிஃபார்ம் வரை ஒலிக்கின்றன. அவர் இறந்த பிறகு, 1998இல், அவர் தங்களிடம் தவறாக நடந்துகொண்டார் என்று பல பெண்கள் சொன்னது ஒரு யூதப் பெண்கள் பத்திரிகையில் வெளிவந்தது. 2018இல் இந்தப் பேச்சு மறுபடி பெரிதானபோது மன்ஹாட்டனின் சென்ட்ரல் ஜெப ஆலயம் அவர் இசையை ஒரு வருடம் நிறுத்தி வைத்தது. வேறு சில சபைகள் தொடர்ந்து பாடின. எங்கள் காண்டர் இந்தக் கேள்வியை ஒதுக்கவில்லை. பாட்டு நடத்துகிறவர் கையில் கூட்டத்தின் நம்பிக்கை இருக்கிறது, கண்ணை மூடிப் பாடுகிறவர்கள் நம்மை நம்பித்தான் மூடுகிறார்கள் என்றார். தன் சபையில் என்ன செய்வது என்பதைச் சபைப் பெண்களோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்ததாகச் சொன்னார். சிறுவர் கொயர் வைத்திருக்கிற எல்லாரும் கேட்க வேண்டிய பேச்சு அது. எந்தத் தமிழ் இசை வகுப்பிலும் இதை யாரும் எடுத்துப் பேசி நான் கேட்டதில்லை. எடுத்துப் பேச வேண்டும்.

நடைமுறைக் குறைகள் சில. முதல் வகுப்புக்கு வந்த பாட்டுத் தாள்களில் சில எபிரேய எழுத்தில் மட்டும் இருந்தன, ஒலிபெயர்ப்பு அடுத்த வாரம்தான் வந்தது. பதிவு செய்தபின் மின்னஞ்சலுக்குப் பதில் வரத் தாமதம், தொலைபேசியில் கூப்பிட்ட பிறகுதான் உறுதி செய்தார்கள். வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து தந்திருந்தால் வீட்டில் பயிற்சி செய்ய வசதியாக இருந்திருக்கும். காபியும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். வாகனம் நிறுத்த இடம் தாராளம்.

வெள்ளி மாலைக்குப் போகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள், காவலருக்கு உதவியாக இருக்கும். ஆண்களுக்கு வாசலில் குல்லா வைத்திருப்பார்கள். எதிர்பார்ப்பு என்ன என்று பக்கத்தில் ஒருவரைக் கேட்டுக்கொள்ளலாம். ரிஃபார்ம் சபைகளில் ஓய்வுநாளிலும் வாத்தியம் உண்டு. ஆர்த்தடாக்ஸ் ஆலயத்தில் ஓய்வுநாளில் வாத்தியமே கிடையாது, ஆண்களும் பெண்களும் தனித்தனியாக உட்கார வேண்டும். கேமராவையும் தொலைபேசியையும் எங்கே போனாலும் பைக்குள் வைத்துவிடுங்கள்.

பக்கத்தில் இப்படி வகுப்பு இல்லாதவர்கள் இரண்டு மூன்று இடங்களைப் பார்க்கலாம். ஹடார் நிறுவனம் பாட்டு நடத்துகிறவர்களுக்குப் பயிற்சி தருகிறது. டெபொரா சாக்ஸ் மின்ட்ஸ் போன்ற ரபியும் இசைக்கலைஞருமானவர்கள் அங்கே இருக்கிறார்கள். விஸ்கான்சின் மாநிலம் ஒகொனொமொவொக்கில் உள்ள ரிஃபார்ம் முகாமில் 1992 முதல் ஹாவா நஷீரா என்ற பயிற்சி முகாம் நடந்து வந்திருக்கிறது. அது பெரும்பாலும் யூத சபைகளில் வேலை செய்கிறவர்களுக்கானது.

வீட்டிலிருந்தே பார்க்க வேண்டுமென்றால் சென்ட்ரல் ஜெப ஆலயத்தின் வெள்ளி மாலை நேரலை இலவசம். அதை நடத்துகிற ஏஞ்சலா புக்தால் தென்கொரியாவில் சியோலில் பிறந்தவர், தாய் கொரியப் பௌத்தர், தந்தை அமெரிக்க யூதர். 1999இல் காண்டர், 2001இல் ரபி. வட அமெரிக்காவில் இந்த இரண்டு நிலைக்கும் வந்த முதல் ஆசிய அமெரிக்கர். ஒரு ரபி பிரசங்கத்தின் நடுவே பாட்டுக்குள் எப்படி நுழைகிறார், பாட்டிலிருந்து பேச்சுக்கு எப்படி இறங்குகிறார் என்பதைக் கவனிக்க அவரைப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் இடையில் 'இப்போது நாம் எல்லாரும் எழுந்து நின்று' என்கிற அறிவிப்பே இருக்காது. ஆனால் திரையில் பார்த்துக் கற்றுக்கொள்ள முடிவது பாதிதான். எந்தத் திரையானாலும் பக்கத்து ஆளின் மூச்சு கேட்காது. வாய்ப்பு இருக்கிறவர்கள் நேரில் போங்கள்.

எங்கள் சபையில் இப்போது என்ன மாறியிருக்கிறது என்று கேட்டால்: மாதத்தில் ஒரு ஞாயிறு கொயர் மேடையை விட்டு இறங்கி, சபையாரின் பெஞ்சுகளுக்கு இடையில் கலந்து நிற்கிறது. ஆயரம்மாவுக்கு முதலில் சம்மதம் இல்லை. இப்போது அவர்களே அந்த ஞாயிறு எது என்று கேட்டு வைத்துக்கொள்கிறார்கள். கீர்த்தனைகளை ஒன்றரைக் கட்டை இறக்கிவிட்டோம். மைக் ஒன்றே ஒன்று, அதுவும் முதல் சரணம் வரை. பிள்ளைகள் பல்லவிக்கு மட்டும் சேர்கிறார்கள், சரணம் இன்னும் வரவில்லை.

வசந்தப் பருவத்தில் அதே ஆலயத்தில் பஸ்கா பண்டிகை விருந்து மேசையில் பாடும் பாட்டுகளை வைத்து அடுத்த வகுப்பு. பெரும்பகுதியைக் காண்டரே எடுக்கிறார் என்று அறிவிப்பில் இருக்கிறது. கட்டணம் அதே 180. நானும் என் கணவரும் பெயர் கொடுத்துவிட்டோம். எங்கள் கீபோர்டு வாசிக்கிற தம்பியையும் சேர்த்துவிட்டேன், அவருடைய கட்டணத்தைச் சபைக் கமிட்டி ஏற்றுக்கொண்டது. மேசையைச் சுற்றி நிற்க இடம் வேண்டும் என்பதால் முப்பது பேருக்கு மேல் எடுக்க மாட்டார்கள். போக நினைக்கிறவர்கள் உங்கள் பகுதி ஆலயத்திலும் பனிக்காலம் முடிவதற்குள் கேட்டு வைத்துவிடுங்கள்.